மச்சினன் பெயரில் வந்த படம்

இரவு ஒன்றே முக்கால். மரக்கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ரோடு. ஆள் இல்லை, நாய்கூட இல்லை. தனியாக ஒரு கார்... உள்ளே நம் தையல்கடைக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன். ஆமாம், அந்த டைரக்டர்தான். சிரிக்காதீர்கள். அவரே தம்பியிடம் சொல்லி, தம்பி என்னிடம் சொன்னது இது.

மூன்று படம் எடுத்தார், மூன்றும் ஓடின. அதோடு நின்றிருக்கலாம். தானே தயாரிக்கிறேன் என்று கிளம்பி, நிர்வாகம் பார்க்க மச்சினனைக் கூட்டி வந்தார். மனைவியின் தம்பி, வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருவான் என்று நினைப்பு. அவன் நீட்டிய காகிதத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்து. நாலாவது படம் முடிகிற சமயத்தில் பார்த்தால் கம்பெனியே அவனுடையது. “மாமா, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றானாம். கதையின் முடிவை மாற்றி, டைரக்டர் என்று தன் பெயரையே போடப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

மனுஷருக்கு மிச்சமிருந்த ஒரே துணை எடிட்டர். இவரே தூக்கிவிட்ட ஆள். “உங்க முடிவை ஒரு பய தொட முடியாதுண்ணே” என்று கையைப் பிடித்துச் சொன்னவன். சொன்ன வாரமே மாரடைப்பில் போய்விட்டான்.

டைரக்டர் முடித்துவைத்த படத்தின் பிரதி எடிட்டிங் அறையில் இருந்தது. மச்சினன் பூட்டை மாற்றுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தத் திருட்டுப் பயணம்.

மாடி ஏறினார். கதவிடுக்கில் நீல வெளிச்சம். உள்ளே... டக். டக். டக். மேசையில் மோதிரம் தட்டுகிற சத்தம். எடிட்டருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கூடவே, கழுத்துவலிக்கு அவன் தடவுகிற தைலத்தின் வாசனை.

பயம் வரவில்லையாம். செத்தும் நமக்காகக் காவல் இருக்கிறானே என்று கண் கலங்கியதாம். கதவைத் தள்ளினார். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது...

திரையில் அவருடைய கடைசிக் காட்சி. பார்க்கப் பார்க்க, துண்டு துண்டாகக் காணாமல் போனது. பிறகு டைட்டில். ‘இயக்கம்’ என்பதற்குக் கீழே அவர் பெயர் எழுத்தெழுத்தாக அழிந்து... மச்சினன் பெயர் ஏறியது.

மோதிரச் சத்தம் நின்றது. தைல வாசனை காதோரம் வந்தது.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க மச்சினனுக்கு முன்னாடியே வாக்குக் குடுத்துட்டேன். முடிக்காம என்னைப் போக விடமாட்டேங்குது.”

அப்படியே தரையில் சரிந்தார். “நீயாவது இருக்கியேன்னு நம்பினேனேடா...” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். திரை அணைந்தது. எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

படம் வெளிவந்தது. பிய்த்துக்கொண்டு ஓடியது. மச்சினன் மேடை மேடையாகக் கைதட்டல் வாங்கினான். இவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தார்.

புது முடிவு. கதாநாயகன் தன்னை ஏமாற்றிய நண்பன் முன்னால் மண்டியிட்டு அழுகிறான். தியேட்டரே உருகுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிறார்.

“நீயாவது இருக்கியேன்னு நம்பினேனேடா...”

உதடு கதாநாயகனுடையது. குரல் இவருடையது. அதே குலுங்கல், அதே விக்கல்...

அந்த எடிட்டிங் அறையில் மைக்கே கிடையாது.