மாலை ஏறவிருக்கும் படம்

"நாளைக்குக் காரியத்துக்கு வர்றவங்க, செத்தது என் பேரன்னு நெனப்பாங்க, சரசு!"

ஸ்ரீராம்புரத்தில் பேருந்து ஏறிய முதிய அம்மையார் தம் நாத்தனாரிடம் இவ்வாறு கூறினார். அவர் மடியில் மறைந்த கணவரின் படம் இருந்தது. அதில் இராணுவ உடையணிந்த இருபது வயது இளைஞர் விறைத்து நின்றார்.

"அண்ணன் வயசான போட்டோ ஒண்ணுகூட இல்லையா, அண்ணி?"

"ரிட்டயர் ஆனப்புறம் கேமரா முன்னாடியே நிக்கலையே! யூனிபார்ம் இல்லாம நின்னா மரியாதை இல்லையாம். அதான் ஸ்டுடியோவுல குடுத்து, தலைய நரைக்க வெச்சுடலாம்னு போறேன்."

"அப்படியே மீசையையும் வெள்ளையாக்கச் சொல்லுங்க."

அம்மையார் பதறிப்போய்ப் படத்தை முந்தானையால் மூடினார்.

"மெதுவா பேசுடி, அவரு காதுல விழப்போவுது! ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்பகூட மீசைக்கு மை தடவிட்டுத்தான் ஆட்டோவுல ஏறினாரு."