தலையணைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

எங்கள் வீட்டில் தேநீர் போடுவது நான்தான், ஐயா. இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். என் மனைவி எழில்மதிக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அவள் நெடுங்காட்டில் ஆசிரியை. வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் போய் வருவாள். சித்திரையில் வந்த காய்ச்சல் ஒரு காதின் உட்பகுதியைக் கெடுத்துவிட்டது. எழுந்து நின்றால் தரை ஆடுகிறது என்றாள். காரைக்காலில் செம்பியன் என்ற பிசியோதெரபிஸ்ட் பயிற்சி கொடுத்தார். சுவரில் ஒட்டிய எழுத்தைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். கண்ணை மூடித் தலையணை மேல் நிற்க வேண்டும். சாய்ந்தால் தாங்கப் பின்னால் ஒரு நாற்காலி.

"தலை சுத்தும்ங்க. சுத்தட்டும். அப்பத்தான் மூளை பழகிக்கும். தலைசுத்தலுக்குப் போடுற மாத்திரைய இன்னியோட நிறுத்திடுங்க, அது பழக விடாது" என்றார்.

நல்ல பிள்ளைதான். இரக்கம்தான் குறைவு. நான் எறும்பைக்கூட மிதிக்காதவன். செவ்வாய்தோறும் அம்பகரத்தூர் கோயிலில் வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போகிறவன். மனைவி தள்ளாடுவதை எப்படிப் பார்ப்பேன்? மிச்சமிருந்த மாத்திரையை இஞ்சியோடு சேர்த்து நசுக்கினேன். தீர்ந்ததும் வாங்கினேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொன்னவள், குளியலறைக்குக்கூட என் தோளைப் பிடித்து வந்தாள். எதிர்வீட்டுக் காசியம்மா, "இப்படி ஒரு ஆம்பளைய நான் பாத்ததில்ல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, தண்டச்சோறு" என்றாள். நான் பணிவாகத் தலைகுனிந்துகொண்டேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருந்தாள். ஆறு நாளும் ஒருவேளை பால், பழம். தேநீர் கிடையாது. விரதத்தைக் கலைப்பது பாவம், வற்புறுத்தவில்லை. ஆறாம் நாள் குதிகாலோடு விரலை ஒட்டி ஒட்டி வைத்துக் கூடத்தை நேராகக் கடந்தாள்.

"முருகன் கண்ணத் தொறந்துட்டான். திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறேன். நீங்க கூட வர வேணாம்."

மறுநாள் தேநீர் கொண்டுபோனேன். "டீ வேணாங்க, அது இல்லாமயே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையணை மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்காலியின் கால் ஒன்று ஆடுவதுபோல் இருந்தது. பழுதான பொருளில் மனைவி சாயலாமா? சத்தமில்லாமல் எடுத்தேன். சொன்னால் அவள் கவனம் கலையும் என்பதால் சொல்லவில்லை. பிறகு பின்னால் நின்று, "எழிலு" என்று அன்பாகக் கூப்பிட்டேன். சட்டென்று திரும்பினாள். சாயும்போது அவள் கை நாற்காலியைத் தேடியது. தேடட்டும் என்று நின்றேன்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடக்க வெகுநாள் ஆகுமாம். நாற்காலியை நீங்கள் பார்த்தீர்கள், நான்கு காலும் உறுதியாக இருக்கின்றன என்கிறீர்கள். இருக்கலாம்.

இன்று காலைகூட ஆஸ்பத்திரிக்கு பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாவம், தலைசுற்றல் இன்னும் விடவில்லை.