பத்து வருஷம் உழைக்கும்

— இத உள்ள வைக்கணுமா?

— ஆமா.

— எனக்குள்ள?

— பின்ன எனக்குள்ளயா, வின்சி?

— சிரிக்காதீங்க அத்தான். கல்யாண வீட்ல பாயாசம் குடுக்கிற கப்பு மாதிரி இருக்கு. இதப் போயி எப்பிடி... அய்யய்யே.

— மடக்கி வைக்கணும். இங்க பாரு. ரெண்டா மடக்கி, இப்பிடி இறுக்கிப் பிடிச்சுக்கணும். உள்ள போனதும் தானா விரிஞ்சுக்கும். இந்த மென்சுரல் கப் இருந்தா மாசாமாசம் துணி, நாப்கின் எதுவும் வேண்டாம்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— வீடியோ பார்த்தேன். மில்லுல, சாப்பாட்டு நேரத்துல.

— மில்லுல உக்காந்து இதப் பார்த்தீங்களா! யாரும் பார்த்துரலையே?

— பிரேம்குமார் பார்த்தான்.

— கர்த்தாவே. என்ன சொன்னான்?

— எங்க கிடைக்கும்னு கேட்டான். அவன் வீட்லயும் இதே தொல்லைதானாம்.

— நல்ல கூட்டாளிக. சரி, உள்ள போயி காணாமப் போயிட்டா?

— போகாது. அங்கிட்டுப் போக வழி கிடையாது.

— எடுக்கும்போது வலிக்குமா?

— மொத ரெண்டு மூணு மாசம் சிரமமா இருக்குமாம். பொறவு பழகிருமாம். உனக்குப் பிடிக்கலைன்னா விட்ரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

— இம்புட்டு நாளா இல்லாத அக்கறை இப்ப எங்கிருந்து வந்துச்சு?

— போன மாசம் தொடையெல்லாம் புண்ணாகி அகட்டி அகட்டி நடந்தியே.

— நாள் பூரா மிஷின்ல உக்காந்து நைட்டி தைச்சா வரத்தான் செய்யும். எங்க யூனிட்டுல எல்லாருக்கும் இருக்கு. பவுடர் போட்டுக்கிடுவோம்.

— பவுடர் போட்டாப் போச்சா? ராத்திரி ஃபேனுக்கு நேரா காலை விரிச்சுக்கிட்டுக் கிடந்த.

— மெதுவாப் பேசுங்க. வீட்டுக்காரம்மா காதுல விழும். அது ஏற்கெனவே நான் பின்னாடி நாப்கின எரிக்கிறேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு.

— இதுல எரிக்கிற வேலையே இல்ல. கழுவிக் கழுவி வச்சுக்கலாம். நின்னதும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும்.

— எந்தச் சட்டியில?

— தனிச் சட்டி வாங்கிருவோம்.

— பால் சட்டியத் தொட்டீங்க, அம்புட்டுத்தான். அந்த அட்டையக் குடுங்க. என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம்.

— நான்தான் சொல்லிட்டேனே.

— நானும் படிக்கேன். குடுங்க... பத்து வருஷமா?

— என்னது?

— பத்து வருஷம் உழைக்கும்னு போட்டிருக்கு.

— ஆமா. நல்ல சரக்கு.

— எனக்கு வேண்டாம் அத்தான்.

— ஏன்? இப்ப வரைக்கும் நல்லாத்தானே கேட்டுக்கிட்டிருந்த?

— வேண்டாம்னா வேண்டாம். எடுத்து உள்ள வைங்க.

— பயமா இருக்கா?

— அதில்ல. நான் நாப்கின் எப்பிடி வாங்குவேன்னு பார்த்திருக்கீங்களா?

— ஒரு பாக்கெட் வாங்குவ.

— ஒண்ணுதான் வாங்குவேன். மூணு சேர்த்து வாங்கினா ஆஃபர்னு கடைக்காரரு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. வேண்டாம்னுட்டு வந்துருவேன். அடுத்த மாசம் தேவைப்படாதுன்னு ஒரு நெனப்பு. கல்யாணம் ஆனதுல இருந்து அப்பிடித்தான்.

— வின்சி...

— போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வேதமணி அக்கா சர்ச் வாசல்ல நிப்பாட்டி, வயித்துல கை வச்சு ஜெபம் பண்ணுனாவ. எனக்கு அன்னிக்கு ரெண்டாவது நாள். நானும் ஆமென்னு சொல்லிட்டு வந்தேன்.

— நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல.

— என்னத்தச் சொல்ல? நீங்க என்னடான்னா பத்து வருஷத்துக்குச் சேர்த்து வாங்கிட்டு வந்திருக்கீங்க.

— நான் அப்பிடி நெனைக்கல.

— நெசத்தச் சொல்லுங்க. இனி நமக்குப் பிள்ளை இல்லைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

— இல்ல. அடுத்த மாசம் மதுரைக்கு டாக்டரப் பார்க்கப் போறோம். மில்லுல லீவு சொல்லிட்டேன். உன் புண்ணு ஆறணும்னுதான் இத வாங்கினேன், ஏட்டி. பிள்ளை உண்டாச்சுன்னா இது பாட்டுக்கு பீரோவுல கிடக்கட்டும்.

— இங்கயா வாங்கினீங்க?

— ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ராஜபாளையத்துல எந்த மெடிக்கலுக்குப் போனாலும் தெரிஞ்ச ஆளுக. அங்க ஒரு கடையில ஷிஃபா அக்கா இருக்காவ. காலேஜ்ல எனக்கு சீனியர். அவியளும் இதத்தான் வச்சிருக்காவளாம். வத்திராயிருப்புல இருந்து அந்த நாள்லயும் ஸ்கூட்டியில வாராவ.

— ஆம்பளை வந்து கேட்டதும் சிரிச்சாவளா?

— சிரிக்கல. என்ன ரோஷன், வீட்ல அவங்களுக்கு எந்த சைஸ்னு கேட்டாவ.

— இதுல என்ன சைஸ்?

— ரெண்டு இருக்கு.

— ரெண்டுன்னா?

— பிள்ளை பெத்தவியளுக்கு ஒண்ணு. பெறாதவியளுக்கு ஒண்ணு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— போன் வந்த மாதிரி வெளிய வந்துட்டேன்.

— வந்து?

— ரோட்டுக்கு அங்கிட்டுப் போயி செத்த நேரம் நின்னேன். பொறவு உள்ள போயி, சின்னதக் குடுங்கன்னேன்.

— அத்தான்.

— ம்.

— மாசாமாசம் எனக்கு வந்துட்டுன்னு சொன்னதும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவீங்களே. டயருக்குக் காத்துப் பிடிக்கணும், தயிர் வாங்கணும், அது இதுன்னு.

— ஆமா.

— அப்பவும் இப்பிடித்தான் எங்கயாச்சும் போயி நிப்பீங்களா?

— சஞ்சீவி மலை கிட்ட.

— அங்க என்ன பண்ணுவீங்க?

— ஒண்ணும் பண்ணமாட்டேன். வண்டியில சாஞ்சுக்கிட்டு நிப்பேன்.

— அழுவீங்களா?

— சில நாள்.

— என் மேல கோவம்னு நெனச்சேன். என் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காமத்தான் போறீங்கன்னு. இம்புட்டு வருஷமும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

— உன் முன்னாடி அழுதா நீ தாங்கமாட்ட.

— நான் பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழுவேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— தொட்டி காலியாயிருதுல்லா. மோட்டார் போடுறது நான்தான?

— போங்க அத்தான். சிரிக்க வைக்காதீங்க.

— கண்ணத் துடை. இது நமக்கு வேண்டாம். பிரேம்குமார்கிட்டக் குடுத்துருதேன்.

— இருங்க. அத இங்க குடுங்க. இத வச்சுக்கிட்டா மொத நாளே வண்டியில உக்காரலாமா?

— உக்காரலாம்னு சொன்னாவ.

— சேலையில கறை படாதே?

— சரியா வச்சா படாது.

— அப்ப இந்த மாசமும் வந்துட்டுன்னா, மலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க.