ஒற்றைக்கண் தோணிக்காரன்

றஹ்மா: தேத்தண்ணி வேணாம் ஐயா. வெள்ளிக்கிழமைப் பேப்பரில அவனைப் பிடிக்கப் போறாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

ஞானசேகரம்: ஆரை, தங்கச்சி?

றஹ்மா: உங்கட கதையில வாற உளவாளியை. அந்த ஒற்றைக்கண் தோணிக்காரனை.

ஞானசேகரம்: முன்னமே சொல்லிப்போட்டா ஆர் பேப்பர் வாங்குற?

றஹ்மா: பகிடி விடாதீங்க. எங்கட அவருக்கும் ஒரு கண்தான். அவரும் தோணிதான் ஓட்டுறார்.

ஞானசேகரம்: ...அது கற்பனை. யுத்த காலத்தை வச்சு எழுதுற வெறும் கற்பனை.

றஹ்மா: உங்களுக்குக் கற்பனை. துறைமுகத்துச் செய்தி எழுதுறதும் நீங்கதான், கதை எழுதுறதும் நீங்கதான். ஒரே பேப்பர், ஒரே பேர். சனம் ரெண்டையும் செய்தியெண்டுதான் நம்புது.

ஞானசேகரம்: 'தொடர்கதை' எண்டு மேல போட்டிருக்கே...

றஹ்மா: கடையில ஒராள் வாசிக்க, மத்த ஆக்கள் கேக்குறாங்க. மேல போட்டதை ஆர் வாசிக்கிற? இப்ப தோணியில ஒருத்தரும் ஏறுறதில்ல. நேத்து ஒரு தாய்... சப்பான்காரன் குண்டு போட்ட நேரம் மகனைப் பறிகுடுத்தவ... எங்கட வாசலில மண்ணள்ளித் தூத்திப்போட்டுப் போறா. 'உன்ட புருசன்தானே குண்டு போட வந்தவனுக்கு விளக்குக் காட்டினவன்' எண்டு.

ஞானசேகரம்: ஐயோ... அவர் என்ன சொல்றார்?

றஹ்மா: அவருக்கு ஒண்டும் தெரியாது. மற்றக் கண்ணும் மங்கல். நான்தான் வாசிச்சுக் காட்டுற. வாசிக்கக்குள்ள... மாத்திப்போடுவன்.

ஞானசேகரம்: என்ர கதையையா?

றஹ்மா: கோவிக்காதீங்க ஐயா. நான் வாசிக்கிறதில தோணிக்காரன் நல்லவன்.

ஞானசேகரம்: கோவமில்லை. இனி நானும் அப்பிடியே எழுதுறன்.

றஹ்மா: அப்ப உளவாளி ஆர்?

ஞானசேகரம்: ஒரு பேப்பர்காரன். சனம் என்னைச் சந்தேகப்படட்டும்.

றஹ்மா: உங்கட வாசலில மண் விழுமே!

ஞானசேகரம்: விழட்டும். அதைப் பாத்து அழ என்ர வீட்டில ஆளில்லை. தோணிக்காரன் விளக்குப் பிடிச்சது, காத்தில சிக்கின நிலாவெளி மீன்காரருக்கு. தகப்பனும் மகனும். கரை தெரியாமல் நிண்டவை...

றஹ்மா: ஐயா... அது என்ட கதை. அவரைத் தவிர வேற ஒருத்தருக்கும் நான் சொல்லல்லையே.

ஞானசேகரம்: காலமை உங்கட அவர் இஞ்ச வந்தவர், தங்கச்சி. 'கடையில வாசிக்கிறது எனக்கும் கேக்குதுதான். ஆனா அவ வாசிக்கிறதைக் கேட்டாத்தான் நித்திரை வருது. அதையே எழுதுங்கோ' எண்டார். தனக்குத் தெரியுமெண்டு உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டும் கேட்டவர்.