தங்கைக்குச் சீனம் சொல்லித்தந்தேன்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு, பல்கலைக்கழக மொழித்துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், என் தங்கையின் வாய்மொழித் தேர்வு நான்கு நிமிடத்தில் முடிந்தது. என்னுடையது இருபது நிமிடம் நடந்தது.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். பதினோரு நிமிடம் மூத்தவள் நான். வீட்டில் அவளை வாயாடி என்பார்கள். எனக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சீனம் படிக்கும் யோசனை என்னுடையது. அந்தத் துறை ஒரு பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் எடுக்கும். எங்கள் பள்ளியில் சீனம் சொல்லித்தர ஆளில்லை, எனவே போட்டியும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் பழைய பாடநூல் ஒன்று வாங்கிவந்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாயாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லிக்குடுடி."

"அக்கான்னு கூப்பிடு, சொல்லித்தரேன்."

"பதினோரு நிமிஷத்துக்கு ஒரு அக்காவா? சரி, அக்கா, பெரியக்கா, மகாராணி. போதுமா?"

அப்பா சிரித்தார். அவள் எது சொன்னாலும் சிரிப்பார்.

ஒரே மாதத்தில் எழுத்துகளில் என்னை முந்திவிட்டாள். ஆனால் ஒலிப்பாடம் போனில் இருந்தது. போன் மூத்தவளிடம்தான் இருக்கவேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. நான் இயர்போனில் கேட்டுச் சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வாள்.

சீனத்தில் ஒரே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். பாடநூலில் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தந்து, அதன்மேல் அதற்குக் கோடு போட்டிருக்கும். ஏற வேண்டியதை இறக்கவும், இறங்க வேண்டியதை ஏற்றவும் அவளுக்குப் பழக்கினேன்.

"கோடு மேல போகுது, குரல் ஏன்டி கீழ போகுது?"

"அவங்க மேலயிருந்து கீழ எழுதுறவங்க. அப்படித்தான்."

நம்பினாள். பதினெட்டு மாதம், ஒரு நாளும் நான் தவறிப்போய்ச் சரியாகச் சொல்லிவிடவில்லை. இரண்டு விதமாகவும் மனப்பாடம் செய்வது லேசான காரியமல்ல.

எழுத்துத் தேர்வில் அவள் தொண்ணூற்றாறு, நான் எண்பத்தொன்று. வாய்மொழித் தேர்வில், "நீங்க பேசறது சீனமே இல்லம்மா" என்று சொல்லி அவளை எழுந்துபோகச் சொல்லிவிட்டார்கள். இடம் எனக்குக் கிடைத்தது.

அப்பா அவளைக் காது மருத்துவரிடம் கூட்டிப்போனார். குறை எதுவுமில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அவள் ஏற்கவில்லை.

"அக்கா ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்தா. எனக்குத்தான்பா காது சரியில்ல."

இப்போது யார் எது கேட்டாலும் இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறாள். பிறகுதான் பதில், அதுவும் ஓரிரு சொல். வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு அவள்மீது கோபமெல்லாம் இல்லை. அவளுக்கு என்னை விட்டால் சீனம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

அடுத்த ஆண்டு மறுபடி எழுதுகிறாள். ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, முதல் பாடத்திலிருந்து நடத்திவருகிறேன். பழைய முறையில்தான்.