தொட்டிக்குள் ஒரு சிநேகிதம்

மாலை ஏழு மணி தாண்டியிருக்கும். ஐஸ் கம்பெனியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வருகிற ரோடு. ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் புதர். நடுவில் ஒரே ஒரு தெருவிளக்கு... அதுவும் எரிந்தால் உண்டு.

அந்த ரோட்டில் ஓர் அம்மாவும் மகளும் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா யாரென்றால், என் நண்பனுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொய் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிற ஆள் அவன். இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. அங்கே தரைக்குக் கீழே பெரிய தொட்டி. அது நிறைய உப்புத் தண்ணீர். எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை இறக்கி, மேலே மரப்பலகை போட்டு மூடிவிடுவார்கள். உறைந்த பிறகு டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்து, ஐஸ் கட்டியைச் சறுக்கிவிட வேண்டும். அதுதான் அக்காவின் வேலை. புருஷன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் கம்பெனிக்கு வந்து அந்தப் பலகைமேல் உட்கார்ந்துவிடுவாள்.

ஏழு வயசு. வாயே திறக்க மாட்டாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரக்கூட யாரும் வருவதில்லை. கம்பெனி ஆட்கள் கேலியாக அவளுக்கு வைத்த பேர், வாயாடி.

அன்றைக்கு அந்த ரோட்டில் வாயாடி சட்டென்று நின்றாள். திரும்பி, கம்பெனியைப் பார்த்துக் கையாட்டினாள்.

"யாருக்குடி டாட்டா?"

"தொட்டிக்குள்ள இருக்கே... அதுக்கு."

"எது?"

"வானத்துலேருந்து விழுந்துடுச்சும்மா. அதோட ஊர்ல எல்லாமே ஐஸாம். அங்கயும் அதோட விளையாட யாருமே இல்லையாம்."

அக்கா சிரித்துவிட்டாள். இவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதே இல்லை. எதையோ கற்பனை பண்ணிக்கொண்டாவது பேசுகிறாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

அடுத்த நாள், வேலைக்கு நடுவே அக்கா எட்டிப் பார்த்தாள். வாயாடி குப்புறப் படுத்திருந்தாள். பலகை இடுக்கில் வாயை வைத்து... வளவளவென்று பேச்சு. டீச்சர் அடித்தது, கால் விரலில் கல் குத்தியது, எல்லாம். அவள் நிறுத்தினாள். கீழேயிருந்து சத்தம் வந்தது.

டக்... டக் டக்.

தகரத்தை நகத்தால் தட்டுகிற மாதிரி. கூடவே ஒரு வாசனை. குளிர்விக்கிற மெஷினில் ஓடும் அமோனியா நெடி அக்காவுக்குப் பழக்கம். இது அது இல்லை. கல்லோடு கல்லை உரசினால் வருமே... அந்த மாதிரி.

அதற்கப்புறம்தான் ஐஸ் கட்டிகளில் வித்தியாசம் தெரிந்தது. கண்ணாடி மாதிரி இருந்த ஒரு கட்டிக்கு நடுவில் சின்னதாக ஒரு பொந்து. உற்றுப் பார்த்தால் அது ஹேர்கிளிப் வடிவம். பல் உட்பட. வாயாடியின் கிளிப் காணாமல் போயிருந்தது. இன்னொரு நாள் அவளுடைய ஒற்றைச் செருப்பு, அறுந்த வாரோடு, அச்சு அசலாக. கட்டிக்குள் பொருள் இருக்காது. வடிவம் மட்டும்... வெற்றிடமாக.

ஒரு சாயங்காலம் மெஷின் ஆபரேட்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. காட்டிய கட்டிக்குள் ஒரு குழந்தை முகம், உள்ளேயிருந்து அழுத்தி எடுத்த அச்சு மாதிரி. கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. முன்பல் விழுந்த ஓட்டைகூட இருந்தது.

"உன் பொண்ணும்மா இது," என்றார். "இனிமே அவளை இங்க கூட்டிட்டு வராத." அப்படியே கட்டியை நொறுக்குகிற மெஷினில் தள்ளிவிட்டார்.

அக்கா நேரே போய் ஒரு பலகையைத் தூக்கினாள். டார்ச் அடித்தாள். உள்ளே தண்ணீர்தான். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் கெட்டியாக, ஒரு கன்றுக்குட்டி அளவுக்குத் திரண்டிருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. வெளிச்சம் பட்டதும் அது டப்பாக்களுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. புது ஆளைப் பார்த்தால் வாயாடி அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒடுங்குவாளே... அதே மாதிரி.

அக்கா பயந்ததைவிட அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டதுதான் அதிகம். அதை நண்பனிடம் அவளே சொன்னாளாம்.

ஆனாலும் மகளை வீட்டில் வைத்துப் பூட்டினாள். எந்தத் தாயும் அதைத்தானே செய்வாள்?

அந்த வாரமே கம்பெனியையும் மூடிவிட்டார்கள். முதலாளி இடத்தை விற்றுவிட்டார். மெஷினை நிறுத்தினார்கள். இரவும் பகலும் தடதடவென்று ஓடிய சத்தம் நின்றதும், அந்தப் பக்கமே செத்த மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் வாயாடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மெஷினைப் போடச் சொல்லும்மா. அது உருகிடும்மா... அதுக்கு என்னை விட்டா யாரும்மா இருக்கா?"

அக்கா என்ன செய்வாள்? யாரிடம் போய், என்னவென்று சொல்வாள்?

அழுது அழுது வாயாடிக்குக் காய்ச்சல் வந்தது. அடுப்பு மாதிரி கொதித்தது உடம்பு. டாக்டர் ஊசி போட்டார், இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெளியே பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது. மகளைக் கட்டிலில் விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அக்கா ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாசற்படி, சந்து, ரோடு... கம்பெனிப் பக்கமாக நீண்டுகொண்டே போனது ஈரம். காய்ந்த இடங்களில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

உள்ளே அந்தக் கல் வாசனை. கட்டிலுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது, வீடு முழுக்க நனைந்திருந்தது. அவ்வளவு வெயிலில், அவ்வளவு தூரம், அது நடந்தே வந்திருக்கிறது. உருகிக்கொண்டே.

கட்டிலில் வாயாடி கண் திறந்து கிடந்தாள். காய்ச்சல் இல்லை. அக்கா நெற்றியைத் தொட்டாள்... வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். ஐஸ் கட்டியைத் தொடுகிற வேலை பார்த்த கை அது. அதற்கே சுரீரென்றது.

"அது எங்கடி கண்ணு?"

அதற்கப்புறம் வாயாடி பேசவே இல்லை.

தன் குளிரை எல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனதா, அவளை எடுத்துக்கொண்டு அவள் வடிவத்தில் வேறெதையோ விட்டுவிட்டுப் போனதா... அக்காவுக்குத் தெரியாது. நண்பன் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டான். "என் வயித்துல பொறந்ததுடா. அப்படியெல்லாம் கேக்காத," என்றாளாம்.

வாயாடி சாப்பிடுவாள், நடப்பாள், அம்மா மடியில் படுப்பாள். எழுந்தால் மடி நனைந்திருக்கும். தினமும் காலையில் படுக்கை விரிப்பைப் பிழிந்து காயப்போட வேண்டும். அக்கா தேடி அலைந்து ஒரு மீன் குடோனில் வேலைக்குச் சேர்ந்தாள். மகளை அங்கே குளிர் அறையிலேயே தூங்கவைத்தாள். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு இவளும் பக்கத்திலேயே கிடந்தாள். ஆனால் கரண்ட் போகுமே. கோடை வருமே. எத்தனை பொத்திப் பொத்தி வைத்தும், ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் உருகி...

போன மாதம் நண்பன் அக்காவைத் துணிக்கடையில் பார்த்திருக்கிறான். பின்னாலேயே போய் நின்றான். அக்கா கவனிக்கவில்லை. கடைக்காரப் பெண் கையில், பிறந்த குழந்தைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை.

"ஒரு சைஸ் பெருசா எடுங்கக்கா," என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே. "குழந்தைங்க சீக்கிரம் வளர்ந்துடும்."

அக்கா அந்தச் சட்டையை உள்ளங்கையில் விரித்து வைத்து, ரொம்ப நேரம் பார்த்தாளாம். அப்புறம் கேட்டாளாம்:

"இதைவிடச் சின்னது இருக்காம்மா?"