விட்ட சொல்லிலிருந்து

விழாத் தலைவர் அவர்களே, நாளை தம் அலுவலகத்தில் எங்கள் பிள்ளைகளை நேர்காணவிருக்கும் மேலாளர் ஐயா அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, பெரியோர்களே, தண்டவாளத்தின் தாலாட்டில் வளர்ந்த என் தெருவே! வணக்கம்.

‘உயர்த்தியது தெருவா, திறமையா?’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். தெளிவாகத்தான் வந்தேன். காலையில் தம்பி வந்து குழப்பிவிட்டான்.

"அக்கா, என் பெரியவளுக்கு நாளைக்கு இன்டர்வியூ. இதுவும் போச்சுன்னா, சின்னவளையாவது வேற தெருவுல வளர்க்கலாமா?"



ஐயா, எங்கள் வழக்கம் தாங்கள் அறியாதது. ரயில் வந்தால் இரைச்சலில் எதுவும் கேட்காது, வாயை மூடுவோம். போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வோம். சண்டையிலும் அப்படியே! பாதி வசவோடு நிற்போம். கடைசிப் பெட்டி போனதும் மீதியைத் திட்டுவோம். சிரிக்கிறீர்களே, முன்வரிசை அண்ணி, உங்களைத்தான் சொல்கிறேன்!

பொறியாளர் வேலைக்கு என்னை நேர்கண்டபோது ஜன்னலுக்குக் கீழே லாரி உறுமியது. சட்டென்று நிறுத்தினேன். கேள்வி கேட்டவர் சிரித்தார். "தண்டவாளத்துப் பக்கமாம்மா? நானும்தான். லாரி போகட்டும், சொல்லுங்க." வேலை கிடைத்தது.

தம்பியோ கணக்கில் என்னைவிடப் புலி. அவனுக்கும் நேர்காணல், அவனுக்கும் லாரி, அவனும் நிறுத்தினான். அங்கிருந்தவர்கள் வேறு தெருக்காரர்கள். "என்னப்பா, மறந்துபோச்சா? அடுத்தவர வரச் சொல்லுங்க." இன்று கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறான்.

ஒரே வீடு, ஒரே தட்டு, ஒரே பழக்கம். எனக்குக் கொடுத்த தெருதானே அவனிடம் பறித்தது? பறித்தது தெருவா, எதிரே அமர்ந்திருந்தவர்களா? கைதட்டாதீர்கள் அண்ணா, எனக்கே விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன் ஐயா, நாளை என் தம்பி மகள்...

பொறுத்தருள்க. வாசலில் போனது ரயில்கூட இல்லை, வெறும் லாரி! ஆனாலும் பாருங்கள், நான் நின்றேன், கூட்டமே பேச்சடங்கியது. ஐயா மட்டும் பதறிப்போய் என் காதோரம் கேட்கிறார்: "என்னம்மா, மறந்துபோச்சா?"

அதே கேள்வி! அன்று என் தம்பியிடம் கேட்ட அதே கேள்வி!

மறக்கவில்லை ஐயா. விட்ட சொல்லிலிருந்தே தொடர்கிறேன். என் தம்பி மகள், நாளை உங்கள் எதிரில் பாதிப் பேச்சில் நின்றால், கதவைக் காட்டாதீர்கள். லாரி போகும்வரை காத்திருங்கள். மீதியையும் அவள் சொல்வாள்.

தம்பி, வீட்டை மாற்றுவதா வேண்டாமா? நாளை மாலை நீயே சொல்லடா.

இரைச்சல் ஓயும்வரை எனக்காகக் காத்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்!